இன்னொரு வண்டி கேட்கும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். நேற்று நீ தொலைபேசியில் அவ்வளவு நேரம் பேசியும், "யோசித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பேச்சில் சொன்னால் நீ நடுவில் புகுந்து வாதாடுவாய். கடிதம் என்றால் கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நீ இரண்டாவதாக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க மருமகளைச் சம்மதிக்க வைக்கச் சொன்னாயே, அதற்காக அவளிடம் நான் பேச மாட்டேன். "நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்டுக்கொள்வாள் அம்மா" என்றாய். கேட்டுக்கொள்வாள் என்பது எனக்கும் தெரியும். மாமியார் சொல்லிவிட்டார் என்று வாயை மூடிக்கொள்வாள். அவள் மனத்தில் இருக்கும் "வேண்டாம்" அப்படியேதான் இருக்கும். நீ வண்டியை வெளியே எடுக்கும்போதெல்லாம் அது அவள் முகத்தில் தெரியும். மறுத்துப் பேச முடியாத இடத்திலிருந்து ஒருத்தியைச் சம்மதிக்க வைப்பது எனக்குப் பிடிக்காத காரியம். உன் பாட்டி எனக்கு அதைச் செய்ததில்லை. நானும் அவளுக்குச் செய்ய மாட்டேன்.

ஆனால் உன் ஆசைக்கு நான் எதிரி இல்லை தம்பி. புது வண்டியைப் பற்றிப் பேசும்போது உன் குரலே மாறிவிடுகிறது. படித்து முடித்து வேலைக்குப் போன நாளிலிருந்து நீ உனக்கென்று பெரிதாக எதையும் கேட்டுக்கொண்டவன் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ அவளிடம் அடுக்கிய காரணங்களை என்னிடமும் அடுக்கினாய். இருக்கிற வண்டி பழசாகிவிட்டது, வடவள்ளியிலிருந்து அலுவலகம் போகிற சாலை மோசம், இப்போது வரியைக் குறைத்திருக்கிறார்கள், பின்னால் விற்றால் நல்ல விலை போகும், இப்படி. இதில் வரி விஷயத்தை நீ சரியாகப் பார்க்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு. அதற்கு மேலே போனால் 40 சதவீதம். நீ கண் வைத்திருக்கும் ஹிமாலயன் 452 சிசி. இதை அவள் தேடிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு காரணம் பொய்த்துப் போனால் மற்ற காரணங்களையும் அவள் நம்ப மாட்டாள்.

வரியை விடு. நீ சொன்ன எந்தக் காரணத்துக்காகவும் நீ அந்த வண்டியை வாங்கப் போவதில்லை என்பதுதான் பெரிய விஷயம். அலுவலகம் போக இப்போதிருக்கும் வண்டியே போதும். உனக்கு ஆழியாறு தாண்டி வால்பாறை வரை அந்த நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏற வேண்டும். கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் ஒருநாள் பார்த்துவிட வேண்டும். அதை அவளிடம் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொன்னாயா? தேவை என்று சொல்லி ஆசையைக் கேட்டால், கேட்பவர் தேவையைத்தான் எடை போடுவார். தேவை இல்லை என்று அவள் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், உன் அப்பாவிடம் இதே இடத்தில் நானும் "வேண்டாம்" என்று நின்றவள். நீ அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் அப்பா ஃபிட்டர். வீட்டில் ஏற்கெனவே புல்லட் இருந்தது. அதைக் கிளப்புவதே ஒரு பெரிய வேலை. கிக்கரை மெல்ல மெல்ல அழுத்தி, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவில் வந்து நிற்பதைப் பார்க்க வேண்டும். பிறகு எஞ்சினின் அழுத்தத்தைத் தளர்த்தும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளி, லீவரை விட்டுவிட்டு, முழு உடம்பையும் போட்டு ஒரே உதை. முள்ளைப் பார்க்காமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். அப்பா அதை ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. அப்படி ஒரு வண்டி வாசலில் நிற்கும்போதுதான் 1992-இல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வேண்டும் என்று வந்து நின்றார்.

அவரும் முதலில் காரணங்களைத்தான் கொண்டுவந்தார். புல்லட் அடிக்கடி பழுதாகிறது, ஷிப்டுக்கு நேரமாகிறது, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் சுலபமாகக் கிடைக்கிறது என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். ஷிப்டுக்குச் சைக்கிளில் போகலாம், வீட்டிலிருந்து பணிமனை அவ்வளவு பக்கம். கடன் சுலபமாகக் கிடைத்தாலும் சுலபமாக அடையாது. இப்படியே வாரக்கணக்கில் ஓடியது. பிறகு ஒரு ராத்திரி நீ தூங்கிய பிறகு வந்து உட்கார்ந்து, "தேவை ஒன்றும் இல்லை. எனக்கு அந்த வண்டி மேல் ஆசையாக இருக்கிறது. அவ்வளவுதான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கோபமும் இல்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த வண்டியைப் பற்றி அவரிடம் நானாக விசாரித்தேன். சத்தம் எப்படி இருக்கும், எவ்வளவு வேகம் போகும், உங்கள் பணிமனையில் யாரிடம் இருக்கிறது என்று. சம்மதம் அன்றே வந்துவிடவில்லை. பேச்சு அன்றுதான் தொடங்கியது.

அதற்குப் பிறகு நான் என் பயத்தைச் சொன்னேன். நான் வேலை பார்த்தது காப்பீட்டு அலுவலகத்தில், வாகன இழப்பீட்டுப் பிரிவில். காலையில் மேசைக்கு வரும் கோப்புகளில் பாதிக்கு மேல் இருசக்கர வாகனக் கோப்புகள். முதல் தகவல் அறிக்கையின் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, நசுங்கிய வண்டியின் புகைப்படம், கடைசியில் மனுதாரர் என்ற இடத்தில் மனைவியின் பெயர், வயது. வயது பெரும்பாலும் என் வயதுதான் இருக்கும். அதைப் படித்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, புல்லட் சத்தம் கேட்கும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்றைக்கும் நிலைமை மாறிவிடவில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அந்த ஆண்டு அதிக விபத்துகள் பதிவான மாநிலம் நம்முடையதுதான். மருமகள் இந்தக் கணக்கைப் படித்திருக்கத் தேவையில்லை. காந்திபுரம் வரை தினமும் பஸ்ஸின் ஜன்னல் வழியாக அவள் பார்ப்பதே போதும்.

எனக்கு இன்னொரு தனிப் பயமும் இருந்தது. அந்தக் காலத்துப் புல்லட்டுக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஆர்எக்ஸுக்கு நேர்மாறு. காலையில் ஒன்றையும் மாலையில் இன்னொன்றையும் ஓட்டுகிறவர், குறுக்கே மாடு வந்தால் எந்தக் காலை அழுத்துவார்? இதைக் கேட்டதும் அப்பா சிரித்து மழுப்பவில்லை. "நியாயமான கேள்வி" என்றார். நண்பரின் ஆர்எக்ஸை இரவல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்வே மைதானத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். நான் ஓரமாக நின்று, நினைத்த நேரத்தில் கைதட்ட வேண்டும். அவர் உடனே நிறுத்திக் காட்ட வேண்டும். முதல் நாள் கால் தடுமாறியது, என் கண்ணாலேயே பார்த்தேன். அடுத்தடுத்த வாரங்களில் தடுமாறவில்லை. அவர் வாயால் கொடுத்த எந்த வாக்குறுதியும் செய்யாததை அந்த மைதானம் செய்தது. என் பயத்தை அவர் வெட்டிப் பேசவில்லை, அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார்.

நீ என்ன செய்தாய்? "பயந்தால் வீட்டுக்குள்ளேயேதான் இருக்க வேண்டும்" என்று அவளிடம் சொன்னதாக நீயே சொன்னாய். அந்தப் பேச்சை இனிமேல் எடுக்காதே.

இப்போது அந்த அலுவலகத்தில் காலம் கழித்தவளாகச் சிலவற்றைச் சொல்கிறேன். அவளிடம் உட்காரும் முன் இதையெல்லாம் நீ தெரிந்துவைத்திருக்க வேண்டும். புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீடு, ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும், 2018 செப்டம்பரிலிருந்து அதுதான் நடைமுறை. ஆனால் நம் வண்டிக்கான சொந்தச் சேதக் காப்பீட்டைப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போட்டுத் தருவார்கள். அடுத்த வருடம் அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால் மிஞ்சுவது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். அந்தப் பாலிசியில் பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கு இழப்பீடு கிடையாது. மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகும் எத்தனையோ ஆண்களுக்கு இது தெரியாது. கோப்பு வந்த பிறகு எதிரே உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு இதை எடுத்துச் சொல்வது போன்ற கொடுமை வேறு இல்லை. அதனால் முழுப் பாலிசியை ஒரு வருடமும் விடாமல் புதுப்பி. பின்னால் உட்காருபவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் சேர்த்துக்கொள்.

உரிமையாளரே ஓட்டும்போது நேரும் விபத்துக்கான 15 லட்சம் ரூபாய் காப்பீடு உனக்கு ஏற்கெனவே தனிப் பாலிசியாக இருந்தால், இரண்டாவது வண்டிக்கென்று இன்னொன்று எடுக்க வேண்டியதில்லை. கடைக்காரர் சொல்ல மாட்டார், நீ கேள். இழப்பீடு கோராமல் நீ சேர்த்து வைத்திருக்கும் தள்ளுபடி, பழைய வண்டியை விற்றுவிட்டுப் புதியது வாங்கினால்தான் கூட வரும். இரண்டையும் வைத்துக்கொண்டால் புது வண்டி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இந்தச் செலவுகளையும் மாதத் தவணையையும் இரண்டு வண்டிகளுக்குமான பராமரிப்பையும் ஒரே தாளில் எழுதி அவள் கையில் கொடு. தொகையைக் குறைத்துக் காட்டாதே. பாப்பாவின் பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்திலும் அந்தத் தவணை வரும் என்பது அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

நான் கேட்க நினைத்ததில் மிக முக்கியமானதற்கு இப்போது வருகிறேன். உன் வீட்டில் ஒரு வண்டி இருக்கிறது, அது உன்னுடையது. இரண்டாவது வண்டி வந்தால் அதுவும் உன்னுடையது. அவளுடையது எங்கே? கல்யாணத்துக்கு முன் அவள் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தவள். அந்த ஸ்கூட்டர் இப்போது அவள் தம்பியிடம் இருக்கிறது. பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடித்து, நின்றுகொண்டே கல்லூரிக்குப் போகிறாள். "இன்னொரு வண்டி" என்று நீ சொல்லும்போது அவள் காதில் என்ன விழும் என்று நினைத்துப் பார்.

ஆர்எக்ஸ் விஷயத்தில் நான் கடைசியாக வைத்த நிபந்தனை இதுதான். ஹெல்மெட் போடாமல் பொன்மலையைத் தாண்டக் கூடாது, புதுக்கோட்டை சாலையில் இருட்டிய பிறகு வரக் கூடாது, என் சீட்டுப் பணத்தைத் தொடக் கூடாது, எனக்கு ஒரு டிவிஎஸ் 50 வேண்டும். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் முதலில் டிவிஎஸ் 50-ஐ வாங்கினார். ஆர்எக்ஸ் அடுத்த வருடம்தான் வந்தது. ஜங்ஷன் வரை பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போன நான், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என் வண்டியில் அலுவலகம் போய் இறங்கிய அந்த முதல் வாரத்தை நினைத்தால் இன்னும் சந்தோஷமாக இருக்கிறது. அதன் பிறகு ஆர்எக்ஸின் சத்தம் எனக்கும் பிடித்துப் போனது. உன்னை டேங்க் மேல் உட்காரவைத்துத் தெருவைச் சுற்றியது உனக்கே நினைவிருக்கும்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. ஒரு விடுமுறை நாளில், பாப்பா தூங்கிய பிறகு, கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு உட்கார். வால்பாறையைச் சொல். எத்தனை வருடமாக இந்த ஆசை இருக்கிறது என்று சொல். பிறகு, "உனக்கு என்ன ஆசை?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இரு. ஸ்கூட்டர்தான் என்று நானே முடிவு கட்டவில்லை. அவள் விட்டுப்போன முனைவர் பட்டமாக இருக்கலாம், அம்மா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருவதாக இருக்கலாம். அதற்கும் பணமும் நேரமும் உன்னிடமிருந்துதான் வர வேண்டியிருக்கும். அது முதலில் நடக்கட்டும். 350 சிசிக்குள் ஒரு வண்டியில் உன் ஆசை அடங்குமா என்பதையும் அவளோடு சேர்ந்தே பார். ஷோரூமுக்குப் போனால் அவளைப் பின்னால் உட்காரவைத்துப் பார். கால் வைக்க வசதியாக இருக்கிறதா, சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் தடுப்பு சரியாக இருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று அவளே சொல்லட்டும்.

உன் சிநேகிதன் சொன்னானாமே, முன்பணம் கட்டிவிட்டு வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் இரண்டு நாள் சண்டையோடு முடிந்துவிடும் என்று. அதைச் செய்யாதே. சண்டை இரண்டு நாளில் முடியலாம். இனிமேல் இந்த வீட்டில் எது வேண்டுமானாலும் தனக்குத் தெரியாமல் நடக்கும் என்ற எண்ணம் அவளுக்குள் வந்துவிட்டால் அதை எடுக்கவே முடியாது. அவள் பெயரில் பதிவு செய்து சந்தோஷப்படுத்தலாம் என்ற யோசனையும் வேண்டாம். அவள் ஓட்டாத வண்டிக்கு அவள் பெயர் எதற்கு?

எல்லாம் பேசிய பிறகும் அவள் "இப்போது வேண்டாம்" என்றால், ஏற்றுக்கொள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் ஏற்றுக்கொள். பாப்பா கொஞ்சம் வளரட்டும், வீட்டுக் கடன் கொஞ்சம் குறையட்டும், மறுபடி கேள். வால்பாறை அங்கேயேதான் இருக்கும். அதுவரை வாடகைக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு, பகலில் போய் பகலில் திரும்பி வா. அதற்கு அவள் சம்மதிப்பாள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டுவதாக இருந்தால் முழுதாகக் காட்டு, உனக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் மடித்துக் காட்டாதே. என்ன முடிவு என்று எனக்குத் தனியாகப் போன் செய்ய வேண்டாம். இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். அப்பா மைதானத்துக்கு வரத் தயார் என்று சொல்லச் சொன்னார். கைதட்ட மருமகள் வர வேண்டுமாம்.

பாப்பாவுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
அம்மா