குன்னூர் ஏற்றத்துக்கு எந்த மோட்டார்?

பீளமேடு,
கோவை.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தியை அம்மாவிடமும் படித்துக் காட்டினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை அவருக்கு.

நீ விசாரித்த எங்கள் மின்சார சைக்கிள் முடிந்துவிட்டது, ஓடுகிறது. நானும் நம் வாத்தியார் வீட்டுப் பையனும் சேர்ந்து செய்தோம். அவன் இப்போது இங்கே மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் கடை வைத்திருக்கிறான் என்பது உனக்குத் தெரியும். இந்தியாவின் முதல் மின்மோட்டார் 1937-இல் இதே பீளமேட்டில்தான் உருவானது என்பார்கள். இங்கே லேத் பட்டறைக்கும் செம்புக் கம்பிக்கும் பஞ்சமில்லை. இருந்தும் மோட்டாருக்கு நாங்களே கம்பி சுற்றவில்லை. பின்சக்கரத்தின் நடுவில் உட்காரும் 250 வாட் மோட்டாரை வாங்கினோம். அதைச் சுற்றி ஸ்போக்ஸ் கோத்துக் கோட்டம் எடுத்தவன் அவன். ரிம் இம்மியும் ஆடாமல் சுற்றும்வரை விடவில்லை.

மோட்டாரை ஓடவைப்பது பெரிய வேலையே இல்லை. சக்கரம் சுற்றும்போது அசையாமல் நிற்க வேண்டிய அதன் அச்சைப் பிடித்து நிறுத்துவதுதான் வேலை. சக்கரத்தை அது முன்னால் தள்ளும்போது, அதன் அச்சு அதே விசையோடு பின்பக்கம் திரும்பப் பார்க்கும். புறப்படும்போது 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு என்று வைத்துக்கொள். அச்சில் தட்டையாகச் சீவிய பகுதி 10 மில்லிமீட்டர்தான். அந்தச் சின்ன விளிம்பில் ஏறக்குறைய 300 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழுகிறது. நட்டு மட்டும் அதைத் தாங்காது. அச்சு கழன்று சுழன்றால் ஒயர் அறுந்து, சக்கரமே வெளியே வந்துவிடும். அதனால் கெட்டியான எஃகுத் தகட்டில் அச்சுக்கு அச்சாகப் பொருந்தும் துளை வெட்டி, மறுமுனையைச் சட்டத்தோடு பூட்டினோம். அந்தத் துளையை அவன் அரம் வைத்து ராவிய பொறுமையை நீ பார்த்திருக்க வேண்டும். வண்டியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பாகம் அந்தத் தகடுதான்.

பேட்டரிக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களை எடுத்தோம். கொஞ்சம் கனம் கூடுதல். ஆனால் சூட்டை நன்றாகத் தாங்கும், எளிதில் தீப்பற்றாது. வீட்டுக்குள் வைத்து சார்ஜ் செய்கிற பொருளுக்கு இதைவிட முக்கியமானது வேறென்ன? ஒரு செல் 3.2 வோல்ட், 6 ஆம்பியர் மணி. இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அப்படிப் பன்னிரண்டு ஜோடிகளைத் தொடராக இணைத்தால் 38.4 வோல்ட். மொத்தம் 460 வாட் மணி, அதாவது அரை யூனிட்டுக்கும் குறைவு. கூடவே மிதித்துக்கொண்டு போனால் சமதரையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தாராளமாகப் போகலாம்.

மணிக்கு நாற்பது கிலோமீட்டர் போகுமா என்று கேட்டிருந்தாய். போக வைக்கலாம், செய்து தர மாட்டேன். 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட வண்டிக்குப் பதிவும் உரிமமும் வேண்டாம் என்பது ஒரு பக்கம். நான் அதற்காகச் சொல்லவில்லை. சைக்கிளின் ஃபோர்க்கும் பிரேக் கட்டையும் மனிதன் மிதிக்கிற வேகத்துக்குச் செய்தவை. மோட்டார் கால்களுக்குத் துணையாக இருக்கட்டும், கால்களை வேலையிலிருந்து நீக்க வேண்டாம். அம்மாவுக்கு மருந்து வாங்க எதிர்காற்றில் போகும்போதும் மூச்சு வாங்காமல், ஆனால் நானே மிதித்துப் போகிறேன் என்ற நிறைவு இருக்கிறதே, அதற்காகத்தான் இவ்வளவும் செய்தோம்.

உனக்கு ஒன்று கட்டாயம் செய்து தருகிறோம். ஆனால் குன்னூருக்கு எங்கள் மாதிரி சக்கர மோட்டார் ஒத்துவராது. ஆளும் வண்டியும் சேர்ந்து நூறு கிலோ என்றால், நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் சாலையில் 15 கிலோமீட்டர் வேகத்துக்கே 200 வாட் போய்விடும். உங்கள் தெருவோ அதைவிடச் செங்குத்து. மெதுவாகச் சுற்றிக்கொண்டு பாரம் இழுத்தால் மோட்டாருக்குள் சூடு ஏறி வைண்டிங் கருகும். உனக்குப் பெடல் அச்சில் பூட்டும் மோட்டார்தான் சரி. அது செயின் வழியாக இழுப்பதால் கியரைக் குறைத்துவிட்டு, மோட்டாரை அதன் வேகத்திலேயே ஓடவிடலாம். ஆனால் செயின் சீக்கிரம் தேயும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இறக்கத்துக்கு இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் இல்லாமல் நான் கை வைக்க மாட்டேன்.

உன் சைக்கிளில் பெடல் அச்சு நுழையும் குழாயின் அகலத்தை அளந்து எழுது. பெரும்பாலும் 68 மில்லிமீட்டர் இருக்கும். டிஸ்க் பூட்டத் துளை இருக்கிறதா என்றும் பார். தீபாவளி விடுமுறையில் வண்டியை மேட்டுப்பாளையம் வரை இறக்கிக் கொண்டுவந்தால், நாங்கள் இருவரும் அங்கே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்