ஹார்ட்விக் மாளிகை முன்னால் உன் லென்ஸ்

நாட்டிங்ஹாம்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ கேட்ட 16–35 மி.மீ. எஃப் 2.8 அகலக்கோண லென்ஸ் வந்துவிட்டது. ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பிவிட்டால் பிறகு கடைக்குத் திருப்ப முடியாது. இணையத்தில் வாங்கிய பொருளை, கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்ல இங்கே சட்டம் இருக்கிறது. அந்தக் கெடுவுக்குள் சோதித்தாக வேண்டியிருந்தது. அதற்கு டார்பிஷரில் உள்ள ஹார்ட்விக் ஹாலை விடப் பொருத்தமான வீடு கிடையாது. அங்கே வைத்துச் சோதித்துவிட்டேன்; நீயும் செய்துபார்க்க முறையை எழுதுகிறேன்.

ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத், 1590-இல் தொடங்கி, 1597-இல் குடிபுகுந்த வீடு அது. வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன். 1959 முதல், பழைய மாளிகைகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பராமரிக்கிறது. சுவரைவிடக் கண்ணாடிதான் அதிகம் என்று இங்கே சொலவடையே உண்டு. முகப்பு முழுக்க நெட்டுக்கோடும் படுக்கைக்கோடுமாக ஜன்னல்கள்; ஆறு கோபுரங்கள்; அவற்றின் உச்சியில் அந்த அம்மாள் பெயரின் முதலெழுத்துகள் கல்லில். லென்ஸ் எங்கே வளைக்கிறது, எங்கே மங்குகிறது என்பது இந்த முகப்பில் அப்படியே தெரிந்துவிடும்.

முகப்பு மேற்குப் பார்த்தது. ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருப்பதால் மாலையில் படமெடுக்க அருமையான இடம். ஆனால் சோதனைக்கு வானம் மூடிய நாள்தான் வேண்டும். வெயிலில் கண்ணாடிகள் மின்னி, நுணுக்கம் மறைந்துவிடும். வெள்ளை வானத்தின் முன் அந்தக் கல்லெழுத்துகளின் ஓரத்தில் ஊதாவோ பச்சையோ படிந்தால் நிறப்பிழை. ஃபிரேமின் நான்கு மூலையும் எவ்வளவு இருள்கிறது என்பதையும் அதே வானம் காட்டும்.

ட்ரைபாட், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, 2 விநாடி டைமர், நடுக்கம் தடுக்கும் ஸ்டெபிலைசர் அணைப்பு. கேமரா திருத்தாத ரா ஃபைலாக எடுத்து, மென்பொருளில் லென்ஸ் திருத்தத்தையும் அணைத்துவிடு. அது விழித்திருந்தால் நீ சோதிப்பது லென்ஸை அல்ல, திருத்தத்தை. நடுவில் ஒருமுறை ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றி, லென்ஸின் திறப்பை எஃப் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று படிப்படியாகச் சிறிதாக்கி வரிசையாக எடு. எஃப் 16-இல் படம் முழுக்கச் சற்று மென்மையானால் பயப்படாதே, சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவதால் எல்லா லென்ஸிலும் வருவதுதான்.

முக்கியமானது மூலைகள். 16 மி.மீ.யில் எஃப் 2.8-இலேயே சுமார் 3 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் தூரம் முழுக்கத் தெளிவாகும். ஆகவே 40 மீட்டர் தள்ளி நிற்கும்போது கேமரா லேசாகக் கோணியிருந்தாலும் அது மூலையை மங்கச் செய்யாது. இரண்டு பக்கமும் ஒரே அளவு மங்கினால், மூலையிலேயே ஃபோகஸ் செய்து இன்னொன்று எடு. தெளிந்தால் ஃபோகஸ் தளம் (தெளிவாக விழும் பரப்பு) வளைந்திருக்கிறது, அது வடிவமைப்பின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் கேமராவைத் தலைகீழாக்கி மறுபடி எடு. மங்கல் ஃபிரேமின் அதே மூலையிலேயே நின்றால் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. தயங்காமல் திருப்பிவிட வேண்டும். உன்னுடையதில் அது இல்லை. 16 மி.மீ.யில் முழுத் திறப்பில் நான்கு மூலையும் சமமாக மென்மை, எஃப் 5.6-இல் நன்றாகத் தெளிகிறது.

கோபுரங்களைப் பிடிக்க கேமராவை அண்ணாந்தால் அவை உள்நோக்கிச் சாயும். லெவல் பார்த்து நேராக வைத்து, கீழே வரும் புல்வெளியை வெட்டிவிடு. மென்பொருளில் நிமிர்த்தினால் மேல் மூலைகள் இழுபட்டுக் கூர்மை போகும். வானத்தைக் கருநீலமாக்கும் சி.பி.எல். ஃபில்டரைக் கழற்று, இவ்வளவு அகலத்தில் வானம் ஒரு பக்கம் மட்டும் கறுத்துப் பட்டையடிக்கும்.

உள்ளே ஃபிளாஷும் ட்ரைபாடும் கூடாது. திரைச்சீலைச் சித்திரங்கள் வெளுக்காமலிருக்க வெளிச்சத்தை மிகக் குறைத்து வைத்திருப்பார்கள். மேல்மாடியில் சுமார் 50 மீட்டர் நீளக் கூடம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 3200, எஃப் 2.8, 1/30 விநாடி அளவில் கையிலேயே எடுக்கலாம். நீ படமெடுக்கும் கல்யாண மண்டபத்துக்குள் உனக்கு வரப்போகும் வெளிச்சமே இதைவிட அதிகம்.

மண்டபம் என்றதும் ஒன்று. 16 மி.மீ.யில் ஃபிரேம் ஓரத்தில் நிற்பவர் முகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமாகும். அது லென்ஸின் குறை இல்லை, எந்த நல்ல லென்ஸும் தப்பாது. குரூப் போட்டோவுக்கு 24 மி.மீ.க்குக் கீழே இறங்காதே, பெரியவர்களை ஓரத்தில் நிறுத்தாதே.

இரண்டு மூடியும் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு, கைப்பையில் வரும்படி சொல்லியிருக்கிறேன். வழியில் இடிபட்டாலும் மையம் விலகலாம். வந்ததும் அந்தத் தலைகீழ்ச் சோதனையை மட்டும் நம் தெருப் பள்ளிக்கூடச் சுவரில் ஒருமுறை செய்து பார்த்து எழுது.

அன்புடன்,
அக்கா