குழந்தைப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் போடுங்கள்: ஓடிடி தளங்களுக்கு ஒரு திறந்த மடல்

உலகப் படங்களை எங்கள் வீட்டு டிவிக்குக் கொண்டுவரும் ஓடிடி தளங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ் என்று நாள் முழுக்கத் தமிழ் அடிப்பதுதான் என் பிழைப்பு. உங்களில் இரண்டு தளங்களுக்குச் சந்தா கட்டுகிறேன். இரண்டு வருடத்தில் ஆறு தடவை உங்களுக்கு எழுதிவிட்டேன். போன வாரம் ஆறாவது பதில் வந்தது. கருத்துக்கு நன்றி, உரிய குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று, முதல் பதிலில் இருந்த அதே ஆங்கில வரிகள். அதனால்தான் ஏழாவது கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். உங்களிடம் இருக்கும் உலகக் குழந்தைப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் பாய் விரித்துப் படம் பார்ப்பது வழக்கம். என் மகள் ஏழாம் வகுப்பு. அவளோடு தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்துகொள்வார்கள். எல்லோரும் மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை. முதலில் பார்த்தது ஆல்பர்ட் லமோரிஸ் 1956இல் எடுத்த 'சிவப்பு பலூன்'. பாரிஸ் தெருக்களில் ஒரு பையனுக்குப் பின்னாலேயே ஒரு பலூன் நாய்க்குட்டி மாதிரி அலைகிறது. மொத்தமே 34 நிமிடம், பேச்சு கிட்டத்தட்ட இல்லை. அப்படியிருந்தும் திரைக்கதைக்கான ஆஸ்கர் வாங்கிய படம் அது. அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. மற்ற பையன்கள் கல்லெறிந்து பலூனைச் சாய்த்ததும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அழுதுவிட்டாள். அவளுக்கும் படத்துக்கும் நடுவில் யாருமே தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே?' போட்டேன். 1987இல் வந்த ஈரானியப் படம். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நோட்டில் எழுதாமல் தாளில் எழுதி வந்தால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவேன் என்கிறார் வாத்தியார். மிரட்டல் வாங்கிய பையனின் நோட்டு, பக்கத்தில் உட்காரும் அகமதின் பையோடு தவறுதலாக வந்துவிடுகிறது. நண்பனைப் பள்ளியை விட்டு அனுப்பிவிடக் கூடாதே என்று எட்டு வயது அகமது கோக்கரிலிருந்து போஷ்தேக்கு மலைப்பாதையில் ஓடுகிறான். நண்பன் வீடு எது என்று அவனுக்குத் தெரியாது. அவன் சொல்வதைக் காதில் வாங்கும் பெரியவர்கள் அநேகமாக இல்லை.

இந்தக் கதை எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதை அவர்கள் தினமும் வாழ்கிறார்கள். ஆனால் படம் பேசுவது பாரசீகத்தில், கீழே ஓடுவது ஆங்கிலத்தில். மொழிப் பட்டியலில் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், தமிழ் இல்லை. சரி, நானே சொல்கிறேன் என்று ரிமோட்டோடு டிவி பக்கத்தில் நின்றேன்.

அம்மா துணி காயப்போட்டுக்கொண்டே, ஹோம்வொர்க்கை முடி, ஹோம்வொர்க்கை முடி என்கிறாள். அகமது திரும்பத் திரும்ப நோட்டைக் காட்டிக் கெஞ்சுகிறான். "அத்த, அவங்க அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்கிறார்கள். நிறுத்துகிறேன், சொல்கிறேன், மறுபடி ஓடவிடுகிறேன். நான் நிறுத்தும்போதெல்லாம் அகமதின் முகம் பாதியில் உறைந்து நிற்கிறது. அவன் கண்ணில் ஏறிக்கொண்டிருந்த தவிப்பு எங்கேயோ போய்விடுகிறது.

அப்புறம் தாத்தா வருகிறார். எங்க அப்பா வாரம் ஒரு காசு கொடுப்பார், பதினைந்து நாளைக்கு ஒருமுறை அடிப்பார், காசு கொடுக்கச் சில நேரம் மறந்துபோவார், அடிக்க மட்டும் மறந்ததே இல்லை என்று கதை சொல்கிறார். நான் படத்தை நிறுத்தாமல் சொல்லிப் பார்த்தேன். வாயில் வார்த்தை கூடி வருவதற்குள் காட்சி தாண்டிவிட்டது. பிள்ளைகள் சிரித்தபோது திரையில் வேறு யாரோ வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு தாத்தாவுக்குச் சேர வேண்டியது. அவர் போன பிறகு வந்தது.

அதே படத்தில் அகமது வளைந்து வளைந்து போகும் பாதையில் ஒற்றையாய் ஓடுகிறான், குன்றின் உச்சியில் ஒரே ஒரு மரம். அங்கே பேச்சு இல்லை. எட்டுப் பிள்ளைகளும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். பேச்சு வரும்போதுதான் படம் அவர்கள் கையை விட்டுப் போகிறது. அதை இழுத்துக் கொண்டுவந்து கொடுக்க என்னால் முடியவில்லை.

ஆங்கிலம் படிக்கட்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். படிக்கிறார்கள். ஒரு வரி திரையில் நிற்பது அதிகம் போனால் ஆறு நொடி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை உதடு அசைத்து எழுத்துக் கூட்டி முதல் சொல்லை முடிப்பதற்குள் வரி மாறிவிடும். அதே பிள்ளை தமிழ் வரியை ஒரு பார்வையில் வாசித்துவிட்டு முகத்தைப் பார்க்கப் போய்விடும். பாட்டுக்குக் கீழே அதே மொழியில் வரி ஓடவிட்டால் வாசிப்பு பழகும் என்று அகமதாபாத் ஐஐஎம்மில் பிரிஜ் கோத்தாரி 1996 முதல் சொல்லிவருகிறார். தூர்தர்ஷன் பாட்டு நிகழ்ச்சிகளிலேயே அதைச் செய்து பார்த்தார்கள். தமிழ் வரி வந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே மதியத்தில் படமும் கிடைக்கும், வாசிப்பும் கிடைக்கும்.

பிறகு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். 80 பக்க நோட்டு ஒன்று வாங்கி, ராத்திரி கடை அடைத்த பிறகு படத்தை ஓட்டி ஓட்டி வசனத்தைத் தமிழில் எழுதினேன். 83 நிமிடப் படம். பதினொரு ராத்திரி ஆனது. 'வீட்டுப்பாடம்' என்று எழுதி அடித்துவிட்டு 'ஹோம்வொர்க்' என்றே வைத்தேன், எங்கள் பிள்ளைகள் வாயில் வருவது அதுதான். அகமதின் நண்பனுக்கு இருக்கும் நெமத்ஸாதே என்ற பெயரை அவர்களே 'நெமத்து' ஆக்கிக்கொண்டார்கள். மறுபடி படம் போட்டபோது என் மகள் அம்மாவின் வசனத்தை வாசித்தாள், எதிர்வீட்டுப் பையன் தாத்தாவுக்கு வாசித்தான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நோட்டைப் பார்த்து வாசித்த இரண்டு பேரும் அன்றைக்குப் படம் பார்க்கவில்லை.

டிடிபி கடைக்காரி ஒருத்தி பதினொரு ராத்திரியில் எழுதியதை உங்கள் மொழிபெயர்ப்பாளர் எத்தனை நாளில் எழுதுவார்? 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 6.9 கோடிப் பேர். ஆள் ஆளைக் கொல்லும் தொடர் என்றால் வெளியாகும் நாளிலேயே தமிழ்க் குரலோடு கொடுக்கிறீர்கள். ஓடுகிற நண்பனுக்கும் ஒரு நோட்டுக்கும் கொடுக்க உங்களிடம் ஒரு வரி இல்லை என்றால் மனது வலிக்கிறது.

தமிழில் போட்டால் பார்ப்பார்களா என்ற சந்தேகம் வேண்டாம். சுட்டி டிவியில் டோரா தமிழ் பேசினாள், கார்ட்டூன் ஜாக்கி சான் தமிழ் பேசினார். அன்றைக்குப் பார்த்த பிள்ளைகள் இன்றைக்கு வேலைக்குப் போகிறார்கள், அந்த வசனங்களை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பெரிய மொழிதான் ஊர் தாண்டும் என்பதும் இல்லை. 2022இல் வந்த 'அமைதியான பெண்' ஐரிஷ் மொழிப் படம். அதைத் தினமும் பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அதற்கு வழி போட்டது சப்டைட்டில். சொந்தக்காரர் வீட்டில் கோடை விடுமுறையைக் கழிக்கும் ஒன்பது வயதுச் சிறுமியின் கதை அது. நானும் மகளும் மட்டும் உட்கார்ந்து பார்த்தோம். பன்னிரண்டு வயதில் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்ட என் பெண், அந்தச் சிறுமி வாய் மூடி இருந்த இடங்களையெல்லாம் என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டாள்.

உங்களை மட்டும் குறை சொல்லக் கூடாது. ஈரானில் 1965இல் கானூன் என்று சிறுவர்களுக்காக ஓர் அமைப்பு தொடங்கினார்கள். நூலகம் நடத்தினார்கள், புத்தகம் போட்டார்கள், படமும் எடுத்தார்கள். கியாரோஸ்தமி அங்கிருந்துதான் வந்தார், அகமதின் கதையும் அங்கே எடுத்ததுதான். நம் நாட்டிலும் 1955இல் நேரு காலத்தில் குழந்தைகள் திரைப்படச் சங்கம் வந்தது. 2022இல் அதைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசியோடு சேர்த்துவிட்டார்கள். இத்தனை வருடத்தில் அந்தச் சங்கத்தின் படம் ஒன்றைக்கூட எங்கள் ஊர்த் தியேட்டரில் நான் பார்த்ததில்லை. நம் பெரிய படங்களில் பிள்ளைகள் வருவது கதாநாயகனிடம் கடத்தல்காரனைக் காட்டிக்கொடுக்க, இல்லாவிட்டால் இடைவேளைக்கு முன்னால் சாக. பிள்ளையின் கண் உயரத்தில் கேமரா வைக்க 'காக்கா முட்டை' மாதிரி எப்போதோ ஒரு படம் வருகிறது. அது போதாது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்தது சின்ன விஷயம். ஒரேயடியாக எல்லாப் படங்களுக்கும் வேண்டாம். மாதத்துக்கு ஒரு படம் போதும், வருடத்துக்குப் பன்னிரண்டு. பேசுகிற தமிழில், பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு நாலைந்து சொல்லோடு சப்டைட்டில் போடுங்கள். எழுத்துக் கூட்டவே வராத சின்னவர்களுக்குத் தமிழ்க் குரலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆரம்பிக்க ஆள் இல்லை என்றால் என் நோட்டை அப்படியே அடித்து அனுப்புகிறேன், காசு வேண்டாம். திருத்த வேண்டியதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

இந்த ஞாயிறு மஜீத் மஜீதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அண்ணனும் தங்கையும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுப் பள்ளிக்கூடம் போகிற கதை. நோட்டில் இதுவரை பதினாறு பக்கம் ஆகியிருக்கிறது. தயவுசெய்து தமிழ் சப்டைட்டில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர் ஒருத்தி,
தென்காசி மாவட்டம்