மதுரையில் உளவியலுக்கு மாலை வகுப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசுப் பேருந்தில் 31 ஆண்டுகள் நடத்துநராக இருந்து, பெரும்பாலும் ஆரப்பாளையம் – தேனி தடத்திலேயே காலத்தைக் கழித்து, அண்மையில் ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்தபோதே அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் முடித்தேன். ஓய்வு பெற்ற பின் அதே வழியில் உளவியல் பட்டம் படிக்க வேண்டும் என்பது என் பல ஆண்டு எண்ணம். அந்த வழி இப்போது அடைபட்டுவிட்டது.

நடத்துநருக்கு உளவியல் எதற்கு என்று கேட்பவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். முகூர்த்த நாளில் படி வரை நிரம்பிய வண்டியில் ஒருவர் மயங்கிச் சரிந்தால், எல்லோரும் எட்டிப் பார்ப்பார்களே தவிர ஒருவரும் குனிய மாட்டார்கள். “யாராச்சும் தண்ணி குடுங்கப்பா” என்று எவ்வளவு கத்தினாலும் அந்த ‘யாராச்சும்’ தாம்தான் என்று ஒருவருக்கும் தோன்றாது. நான் பணியில் சேர்ந்த புதிதில் மூத்த நடத்துநர் ஒருவர், “பொதுவாக் கேக்காத, ஆளைக் காட்டிக் கேளு” என்று சொல்லிக்கொடுத்தார். “நீலச் சட்டை அண்ணே, அந்தத் தண்ணி பாட்டிலக் குடுங்க, அக்கா, சன்னலத் தெறங்க” என்று சொன்னால் போதும், அடுத்த நொடி பாதி வண்டி எழுந்து நிற்கும். சற்று முன்பு வரை கல்லாய் நின்ற அதே ஆட்கள்தான்.

இது ஏன் என்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. நத்தம் சாலையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்த பிறகு, விடுப்பு நாட்களில் அங்கே சென்று உளவியல் நூல்களைப் புரட்டியபோதுதான் விடை கிடைத்தது. ஜான் டார்லி, பிப் லாட்டனே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1968-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாணவர்களை ஓர் அறையில் அமர்த்தி, படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவர்த் துவாரம் வழியே புகையை விட்டிருக்கிறார்கள். தனியாக இருந்தவர்களில் நான்கில் மூவர் எழுந்து போய்த் தகவல் சொன்னார்கள். ஆனால் எதுவும் நடவாததுபோல் உட்கார்ந்திருக்கும்படி முன்பே சொல்லிவைக்கப்பட்ட இருவருடன் இருந்தவர்களில் பத்தில் ஒருவர்தான் எழுந்தார். கூட இருப்பவர் முகத்தைப் பார்த்தே நாம் ஆபத்தை அளக்கிறோம் என்பதும், ஆள் கூடக்கூடப் பொறுப்பு பங்காகிக் கரைந்துவிடுகிறது என்பதும் அன்றுதான் எனக்குப் புரிந்தது. மூத்த நடத்துநரின் வித்தைக்குப் பின்னால் இப்படி ஒரு சாத்திரம் இருப்பது அவருக்கே தெரிந்திருக்காது.

அனுபவம் கைகொடுக்காத இடமும் உண்டு. பிளஸ் 2 முடிவு வந்த நாளொன்றில் ஒரு பையன் தேனியில் இறங்காமல் ஆரப்பாளையத்துக்கே திரும்ப டிக்கெட் எடுத்தான். அங்கும் இறங்காமல் மறுபடி தேனிக்கு எடுத்தான். ஏதோ சரியில்லை என்று தெரிந்து, தேனி நிலையத்தில் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து நான் கேட்ட முதல் கேள்வி, “மார்க் எவ்வளவு தம்பி?” அதன்பின் அவன் வாய் திறக்கவில்லை. நேரக் காப்பாளர் ஒருவர், அதிகம் பேசாதவர், அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து தன் பருப்பு வடையில் பாதியைப் பிய்த்து நீட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் பையன் தானாகவே வீட்டு எண்ணைச் சொன்னான். என்னிடம் சொல்லாததை ஏன் அவரிடம் சொன்னான் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளத்தான் விரும்புகிறேன். ஆலோசனை மையம் திறந்து பலகை மாட்ட அல்ல.

பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஆகஸ்டில், துணை மருத்துவ, சுகாதாரப் பணிகளுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று அறிவித்தது. நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உணவியல் ஆகியவற்றோடு உளவியலும் அதில் சேர்ந்தது. இதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. நேரில் பயிற்சி பெறாத ஒருவரிடம் நொந்த மனத்தை ஒப்படைப்பது ஆபத்து. அரைகுறைச் சான்றிதழோடு ‘மனநல ஆலோசகர்’ என்று போட்டுக்கொள்பவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் சிகிச்சை அளிக்கப் படிப்பவரையும், வரலாறு படிப்பதுபோல் அறிவுக்காகப் படிப்பவரையும் ஒரே கதவால் அடைத்திருக்கிறார்கள். ‘இப்பட்டம் சிகிச்சைக்கோ ஆலோசனைத் தொழிலுக்கோ தகுதியாகாது’ என்று சான்றிதழிலேயே அச்சிட்டுவிட்டு, பின்னவர்களுக்கு வழிவிடுவதை மானியக் குழு பரிசீலிக்க வேண்டும்.

அதற்கு நாளாகலாம். மாநில அரசு உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு. அந்த அறிவிப்பு தொலைநிலைக்கும் இணைய வழிக்கும்தான். நேரடியாக நடக்கும் மாலை வகுப்புக்கு அல்ல. பகல் வகுப்பு பற்றி ஒரு கல்லூரியில் விசாரிக்கப் போனேன். “பேரனுக்காங்கய்யா?” என்று கேட்டார் அலுவலகத்தில் இருந்தவர். என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்களாவது பேரன் வயதுப் பிள்ளைகளோடு பகலில் உட்கார்ந்துவிடலாம். நடத்துநர், காவலர், செவிலியர், ஜவுளிக்கடை ஊழியர் என நாளெல்லாம் மனிதர்களோடு மல்லுக்கட்டும் வேலையில் இருப்பவர்களால் அது முடியாது. இந்தப் படிப்பு அதிகம் பயன்படுவதும் அவர்களுக்குத்தான். அரசுக் கல்லூரிகளில் இரண்டாம் சுழற்சி நடத்திப் பழக்கம் இருக்கிறது. மதுரையில் ஒரே ஓர் அரசுக் கல்லூரியில், மாலை 6 மணிக்குமேல், உளவியல் பட்ட வகுப்பு ஒன்றை வரும் கல்வியாண்டிலேனும் தொடங்க உயர்கல்வித் துறை முன்வர வேண்டும்.

வகுப்பு இரவு ஒன்பதுக்கு முடிந்தாலும் செக்கானூரணிக்குத் திரும்ப எனக்கு வண்டி உண்டு. நேரமெல்லாம் மனப்பாடம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
செக்கானூரணி, மதுரை மாவட்டம்.