எஞ்சின் மாற்றுவது ரேஸ் ஓடுகிறவர்களின் வேலை மட்டுமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பின் இளைஞர் பக்கத்தில் வந்த வாகனக் கட்டுரையை என் பட்டறையில் நின்றபடியே படித்தேன். வண்டிக்கு வேறு எஞ்சின் ஏற்றுவதெல்லாம் ரப்பர், செம்பனைத் தோட்டத்துப் பையன்கள் ரேஸ் ஓடுவதற்காகச் செய்கிற வேலை என்று அதில் ஒரு வரி. கட்டுரையில் வேறு பிழைகளும் இருந்தன, அவற்றைப் பிறகு சொல்கிறேன். அந்த வரி மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. என் அக்கா மகனும் பக்கத்தில் நின்று படித்தான். ஒன்றும் பேசவில்லை. தாளை மடித்து ஸ்பேனர் பெட்டிமேல் வைத்துவிட்டு, பாதியில் விட்ட பிரேக் வேலையைத் தொடரப் போய்விட்டான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும்.

அவன் தோட்டத்துப் பையன்தான், ஐயா. நானும் தோட்டத்துப் பையன்தான். என் அப்பா ரப்பர் தொழிற்சாலையில் எஞ்சின் பார்த்தவர். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டைக், காலி செய்து சுங்கை சிப்புட் டவுனுக்கு வந்தோம். 27 வருடமாக இங்கே பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் பத்திரிகையையும் அத்தனை வருடமாகக் காசு கொடுத்து வாங்குகிறேன்.

அக்கா மகனான இந்த மருமகனிடம் புரோட்டோன் நிறுவனத்தின் பழைய அரேனா வண்டி ஒன்று இருக்கிறது. 2002இல் வந்த அந்தச் சின்னப் பிக்கப்பை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆஸ்திரேலியாவில் ஜம்பக் என்ற பெயரில் விற்றார்கள். அதற்கு 4ஜி93 என்கிற டர்போ எஞ்சின் வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அரேனாவின் முன்பகுதி புரோட்டோனின் வீரா காரிலிருந்து வந்தது. வீரா மிட்சுபிஷி லான்சரிலிருந்து வந்தது. லான்சர் ஜிஎஸ்ஆரில் இருந்த எஞ்சின்தான் இவன் கேட்கிற எஞ்சின். ஆகவே இது எங்கேயோ கிடந்த எதையோ எடுத்து எதிலோ திணிக்கிற யோசனை இல்லை. ஒரே குடும்பத்துக்குள் சம்பந்தம் பேசுகிற மாதிரி.

இந்த ஆசைக்கு வயது பதினொரு மாதம். இன்றுவரை அவன் அந்த வண்டியில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. கட்டுரை எழுதியவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதினொரு மாதமாக அவன் செய்வது திட்டம் போடுவது மட்டும்தான். அவனிடம் பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தில் எஞ்சினே இல்லை, பிரேக்தான் இருக்கிறது. இப்போதுள்ள 1,468 சிசி எஞ்சின் 90 குதிரைத்திறனைக்கூடத் தொடாது. வரப்போகிற 1,834 சிசி டர்போ 200க்குப் பக்கத்தில் நிற்கும். பின்சக்கரங்களில் டிரம் பிரேக். பெட்டி காலியாக இருக்கும்போது பிக்கப்பின் பின்பக்கத்தில் பாரமே கிடையாது. திடீரென்று பிரேக்கை மிதித்தால் வால் திரும்பிவிடும். அதனால் நிறுத்துவதற்கு வழி செய்யாமல் ஓட்டுவதற்கு வழி செய்யக்கூடாது என்று அவனே எழுதி வைத்திருக்கிறான். ரேஸ் ஓடுகிறவன் முதல் பக்கத்தில் எழுதுகிற விஷயமா இது?

அடுத்த பக்கத்தில் கியர்பாக்ஸ். ஜிஎஸ்ஆர் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, அரேனா முன்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. ஜப்பானிலிருந்து வருகிற ஹாஃப் கட்டை, அதாவது பழைய வண்டியின் வெட்டிய முன்பாதியை, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், அதோடு வருகிற கியர்பாக்ஸ் அப்படியே உட்காராது. முன்சக்கர இழுவைக்கான கியர்பாக்ஸைத் தனியாகத் தேட வேண்டும். கிளச்சும் அந்த இழுவையைத் தாங்க வேண்டும். அப்புறம் ரேடியேட்டர், டர்போ காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலர், பெட்ரோல் பம்பு, எஞ்சின் கம்ப்யூட்டர், அதன் வயரிங். வயரை வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் ஒட்டுவதற்காகச் சீட்டுகளை இப்போதே எழுதி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான்.

போனட் மூடுமா என்பதற்கு அவன் செய்யப்போவதைக் கேளுங்கள். எஞ்சினை உள்ளே இறக்கியதும், உயரமான இடங்களில் களிமண் உருண்டைகளை வைத்து போனட்டை மெதுவாக மூடித் திறப்பான். நசுங்கிய மண்ணின் தடிமனை அளந்தால் எங்கே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று தெரிந்துவிடும். அப்பா தொழிற்சாலையில் உருளைகளுக்கு நடுவே ஈயக்கம்பி விட்டு அளந்ததும் இதே முறைதான். அவர் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை.

நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம், திட்டமில்லாமல் செய்தால் என்ன ஆகும் என்பதை நானே பட்டிருக்கிறேன். பட்டறை தொடங்கிய புதிதில் ஒரு கூட்டாளியின் வீராவுக்கு ஒரே வாரத்தில் டர்போ எஞ்சின் ஏற்றிக் கொடுத்தேன். பழைய ரேடியேட்டரையே போட்டேன், போதும் என்று நினைத்தேன். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போது, ரிங்லெட் வருவதற்கு முன்பே சூட்டு முள் சிவப்புக்குப் போய்விட்டது. கூட்டாளி நிறுத்தாமல் ஓட்டினான். ஹெட் கேஸ்கெட் வெந்து, எண்ணெயில் தண்ணீர் கலந்து, எண்ணெய் பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவினால் தே தாரே என்கிற பால் தேநீர் நிறத்தில் வந்தது. அந்தச் செலவு முழுக்க என்னுடையது. அந்த நட்பும் அதோடு போயிற்று. அதனால்தான் மருமகனிடம் ஒரு போல்ட்டையும் தொடாதே, முதலில் எழுது என்றேன்.

இன்னொன்று. டர்போ என்பது கூடுதல் பெட்ரோலை ஊற்றி எரிக்கிற கருவி என்று கட்டுரையில் இருந்தது. அது தவறு. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழலும், அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். காற்று கூடுவதால் அதற்கேற்றபடி பெட்ரோலும் கூடுகிறது. அழுத்தம் கூடுவதால்தான் டர்போ எஞ்சினில் கம்ப்ரெஷன் விகிதத்தை, அதாவது பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதைக், குறைத்து வைக்கிறார்கள். சாதாரண எஞ்சினில் டர்போவை மாட்டிக் கண்டபடி அழுத்தம் ஏற்றினால் நாக்கிங் என்கிற தாறுமாறான வெடிப்பு வந்து பிஸ்டன் உடைவதும் இதனால்தான். எழுதுவதற்கு முன்னால் எங்கள் ஊரில் எந்தப் பட்டறைக்கு வந்து கேட்டிருந்தாலும் ஒரு தே கொடுத்துச் சொல்லியிருப்போம்.

ஆனால் யார் வந்து கேட்கிறார்கள்? தோட்டத்துப் பையன் என்ற சொல் உங்கள் பத்திரிகையில் எப்போது வருகிறது என்று நீங்களே பாருங்கள். அடிதடி என்றால் வரும், போதைப்பொருள் என்றால் வரும், தேர்தல் நேரத்தில் வரும். இந்த மருமகன் எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடித்ததும் ஒரு பயிற்சிக் கழகத்தின் நேர்காணலுக்குப் போனான். எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னான். இரண்டு நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு என் பட்டறையில் வேலை செய்துகொண்டே மலேசியத் திறன் சான்றிதழ் மூன்றாம் நிலையை வாங்கினான். அந்தச் செய்தியைப் படத்தோடு உங்களுக்கு அனுப்பினேன். வரவில்லை. லிந்தாங் சாலையில் விளக்கில்லாத வளைவைப் பற்றி இரண்டு கடிதம் போட்டேன். அதுவும் வரவில்லை. இடம் இருந்திருக்காது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்த ஞாயிறு முக்கால் பக்கம் இடம் இருந்ததைப் பார்த்த பிறகு அந்தச் சமாதானமும் போய்விட்டது.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் மாற்றுவதே குற்றம் என்கிற தொனியில் எழுதியிருந்தீர்கள். சொல்லாமல் மாற்றினால் குற்றம். வண்டியின் கெரான் என்கிற உரிமைச் சான்றிதழில் எஞ்சின் எண்ணும் சிசியும் பதிவாகியிருக்கிறது. ஆகவே சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் முதலில் கேட்க வேண்டும். எஞ்சின் வாங்கிய ரசீதும் சுங்கத் தாளும் கையில் இருக்க வேண்டும். புஸ்பாகம் வாகனச் சோதனை நிலையத்தின் சோதனையில் எண்கள் ஒத்துப்போக வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விபத்து நடந்த அன்றுதான் அதன் வலி தெரியும். இலாகா முடியாது என்றால் திட்டம் அங்கேயே நின்றுவிடும். மருமகன் நோட்டில் கடைசிப் பக்கத்தில் அதுவும் இருக்கிறது. அனுமதி வரும்வரை ஒரு வெள்ளிகூட முன்பணம் கொடுப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எஞ்சின் மாற்ற என்னென்ன படிவம் நிரப்ப வேண்டும், எந்த வரிசையில் போக வேண்டும் என்று இலாகா அதிகாரி ஒருவரிடம் கேட்டு, அதே இளைஞர் பக்கத்தில் தமிழில் கால் பக்கம் போடுங்கள். மலாய்ப் படிவத்தை வைத்துக்கொண்டு என் பட்டறைக்கு விளக்கம் கேட்டு வருகிற பெரியவர்கள் பலர். அதை வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்வேன். டர்போ பற்றிய பிழைக்கும் இரண்டு வரி திருத்தம் போட்டால் நல்லது.

இந்தக் கடிதத்தைச் சுருக்க வேண்டியிருந்தால் கேமரன் மலைக் கதையை எடுத்துவிடுங்கள். அந்த நோட்டைப் பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் மறுபடியும் பத்திரிகையைப் பிரித்துப் பார்ப்பான்.

இப்படிக்கு,
27 வருட வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்