டேப்லெட்டுக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்புங்கள்

தில்லித் தமிழ் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

தில்லியின் வடக்கு ஓரத்தில், நரேலாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைகளும் பாடல்களும் ஏற்றிய டேப்லெட்டை ஆளுக்கொன்றாகத் தரலாம் என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல மனசுதான். ஆனால் ஆர்டர் போடுவதற்கு முன் இந்த மடலை ஒருமுறை படித்துவிடுங்கள்.

2025 ஜூன் 1 அன்று, தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான ஜங்புரா மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. வீடு ஒதுக்கப்பட்ட குடும்பங்கள் நரேலாவுக்குப் போயின. மாதம் இரண்டு ஞாயிறு நானும் அங்கே போய்வருகிறேன். சமய்பூர் பாத்லி வரை மெட்ரோ, அப்புறம் பஸ். அங்கே நான்காவது படிக்கும் ஒரு சிறுமி, கடைப் பலகையிலுள்ள இந்தியை நடந்துகொண்டே படித்துவிடுவாள். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டிக் கூட்டி வரியின் கடைசிக்கு வருவதற்குள் ஆரம்பம் மறந்துபோகிறது. பேச்சில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. அவள் பாட்டியிடம் கற்ற ‘ழ’ என் பேரனுக்கே வராது, அவன் வளர்வது சென்னையில்!

அவள் மக்கு இல்லை. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் மூளையில் பிறவியிலேயே இடம் உண்டு, வாசிப்புக்கு அப்படி ஓர் இடம் இல்லை. இடது பக்கம், பின்புறத்தின் அடியில், முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காணும் பகுதியில் ஒரு துண்டுதான் பழகப் பழக எழுத்து வேலைக்கு மாறுகிறது. பிரெஞ்சு ஆய்வாளர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருபவர். எழுத்து சட்டென்று பிடிபடும்வரை கவனமெல்லாம் எழுத்துக்கே போய்விடும், பொருளுக்கு மிச்சம் இருக்காது. இந்தியில் அந்தக் கட்டத்தை அவள் தாண்டிவிட்டாள். தமிழில் பாதி வழியில் நிற்கிறாள்.

சரி, அந்தப் பழக்கத்தை டேப்லெட் கொடுக்காதா? 2003இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவின் சியாட்டிலில் பாட்ரிசியா கூல் என்ற ஆய்வாளரின் குழுவினர், ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளர்ந்த 9 மாதக் குழந்தைகளுக்கு 12 தடவை மாண்டரின் சீனம் கேட்கவைத்தார்கள். சில குழந்தைகளுக்கு ஆட்கள் எதிரே உட்கார்ந்து புத்தகம் வாசித்து, பொம்மை வைத்து விளையாடினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே பேச்சு டிவியில். நேரில் கேட்டவை மாண்டரின் ஒலிகளை வேறுபடுத்தி அறிந்தன. டிவியில் பார்த்தவை, மாண்டரினே கேட்காத குழந்தைகளைவிட ஒரு படிகூடத் தேறவில்லை. கைக்குழந்தை வேறு, நான்காம் வகுப்பு வேறு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் நரேலாவில் கைக்குழந்தைகளும் இருக்கிறார்கள், அவர்கள் கையிலும் திரைதான் போகப்போகிறது.

அம்மாக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களில் சிலருக்குப் படிக்கத் தெரியாது, இனிமேல் எங்கே என்று சிரிப்பார்கள். லக்னோ பக்கத்துக் கிராமங்களில், எழுத்தறியாத, முப்பது வயதை ஒட்டியவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, ஆறு மாதம் தேவநாகரி கற்றுக்கொடுத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த அந்த ஆய்வில், மூளையின் அடியில் இருக்கும் மூளைத்தண்டு வரைக்கும் மாற்றம் தெரிந்தது. ஆறே மாதம்!

எனக்கு வேண்டியது அதிகமில்லை. குடியிருப்பில் ஓர் அறை, அதன் சாவி, ஒரு தகரப் பெட்டி நிறையக் கதைப் புத்தகம். உங்கள் வீட்டுப் பரண்களிலேயே அவ்வளவும் இருக்கும். வாரம் ஓர் ஆள் முறைவைத்து வந்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, விரலை வரியில் ஓட்டி வாசிக்க வேண்டும். ஞாயிறு காலை பத்து மணி என்றால் வீட்டுவேலைக்குப் போகும் அம்மாக்களில் பலருக்கும் தோதுப்படும். மாதம் இரண்டு ஞாயிறு என் பொறுப்பு. மீதிக்கு உங்களில் யார் வருகிறீர்கள்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி,
ஆர்.கே. புரம், புது தில்லி