பழுப்பு என்று சொல்லாதீர்கள்: தேவிகுளம் மலையின் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஒரு மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கும் நர்ஸ் சேச்சிகளுக்கும் வணக்கம்.

மூணாறுப் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிட்டு உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் என் அண்ணிக்கு ஐந்தாம் மாதம். பரிசோதனைக்குப் போன இடத்தில் "மூத்ரப்பழுப்பு உண்டு" என்று சொல்லி 7 நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். மலையாளத்தில் பழுப்பு என்றால் சீழ், தொற்று. எங்களுக்கோ அது ஒரு நிறம். மறுநாள் காலையில் அண்ணி சிறுநீரைப் பார்த்தார், பழுப்பாக இல்லை. எரிச்சலும் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்கு மாத்திரை ஆகாது என்ற பயம் வேறு. அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். மூன்றாம் வாரம் நடுக்கலோடு காய்ச்சல். விலாவுக்குக் கீழே முதுகில் தொடவே விடவில்லை. ராத்திரியில் ஜீப் பிடித்து மலையிறங்கினோம். தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. குழந்தை எட்டாம் மாதமே பிறந்தது. படத்துக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்தவள் நான்தான். ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.

மாத்திரை கொடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. சரியான மருந்தைத்தான் கொடுத்தார்கள். அந்த ஒரு சொல்தான் வந்து சேரவில்லை.

கர்ப்பத்தில் சிறுநீர்க்குழாய்கள் தளர்கின்றன, கருப்பை அழுத்துகிறது, நீர் தேங்கிக் கிருமி பெருகுகிறது. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேருக்கு எந்தத் தொந்தரவும் காட்டாமலே கிருமி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. எங்கள் பெண்களுக்குத் தெரியாது. எரிந்தால்தான் நோய் என்று நினைக்கிறோம். எரிந்தாலும் 'சூடு' என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறோம். கொழுந்து பறிக்கிற மலையில் ஒதுங்க இடமில்லை. இடுப்பில் படங்கை, அதாவது வேலைக்குக் கட்டும் முரட்டு மேல்துணியை, கட்டிவிட்டால் எடை போடும் வரை தண்ணீரே குடிப்பதில்லை, சிறுநீரையும் அடக்கிக்கொள்கிறோம். (கழிப்பறை கட்டித்தரச் சொல்லி 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. அதைக் கம்பெனிகளிடம் தனியாகக் கேட்போம்.)

உங்களிடம் கேட்பது இதுதான். முதல் பரிசோதனையிலேயே எல்லாக் கர்ப்பிணிக்கும் சிறுநீர் கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை, செய்யுங்கள்; உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அந்தச் சோதனையையே முதலில் சொல்கிறது. முதலில் வரும் நீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்பதைத் தமிழில் சொல்லுங்கள். முடிவு வர ஓரிரு நாளாகும். அதற்காக இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாதவர்களுக்கு ஆஷா பணியாளர் மூலம் சொல்லி அனுப்புங்கள். மாத்திரைச் சீட்டில் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள்: "சிறுநீரில் கிருமி இருக்கிறது. எரிச்சல் இல்லாவிட்டாலும் எல்லா மாத்திரையையும் சாப்பிட வேண்டும். குழந்தைக்கு ஆபத்தில்லாத மருந்துதான் கொடுத்திருக்கிறோம்." மூன்று வரியாகிவிட்டது, பரவாயில்லை, மூன்றும் வேண்டும்.

எழுதித்தர ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள். தமிழ் படித்த பெண்கள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வந்து எழுதித் தருகிறோம்.